மர்ம நபருக்குச் சாதி கிடையாது

போன தை மாதம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிச் செய்தியில் எட்டு நொடி ஓடிய ஒரு காட்சியைப் பற்றி எழுதப்போகிறேன். எட்டு நொடிக்கு இத்தனை பக்கமா என்று கேட்பவர்களுக்கு: அந்த எட்டு நொடியில் ஒருத்தருக்குக் குடியிருந்த வீடு போனது.

செய்தி சின்னச் செய்தி. ஒரு பேருந்து நிலையத்தில் காசு கேட்டுத் தகராறு. பயணி ஒருவரின் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போனதாக ஒரு திருநங்கை மீது வழக்கு. ஒருவர் மீதுதான். ஆனால் திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் ஓடிய எழுத்து வேறு. “திருநங்கைகள் அட்டகாசம்! பயணிகள் அலறல்!” அலறிய பயணி ஒருவரையும் காட்டவில்லை. காட்டுவதற்குக் கைவசம் ஒன்றும் இல்லை. அதனால் பழைய படம் ஒன்றை எடுத்து ஓட்டினார்கள். சித்திரை மாதம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவில் எடுத்த படம். மூலையில் எறும்பு சைசில் ‘கோப்புக் காட்சி’ என்று எழுதியிருந்தது. அதில் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கைதட்டிச் சிரித்து ஆடுகிறவர் எங்கள் ஊர்ப் பக்கம் இட்லிக்கடை போட்டிருக்கிற அக்கா. பெயர் வேண்டாம். அவருடைய முகத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது போதும், பெயரையும் நான் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மறுநாள் விடியக்காலையில் வீட்டுக்காரம்மா வந்து நின்றிருக்கிறார்.

“டிவில வந்தியாமே. போலீஸ் கீலீஸ் வந்து வாசல்ல நின்னா எங்களுக்குத்தான் அசிங்கம். மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணிடு.”

“அது கோயில்ல ஆடுனதும்மா. மூணு வருசத்துக்கு முந்தி.”

“எதுவோ ஒண்ணு. டிவில வந்துட்ட இல்ல?”

நான் புகார் எழுதினேன். எம்.ஏ. தமிழ் படித்ததற்கு இதுவரை எனக்கு உருப்படியாகக் கிடைத்த வேலை மனு எழுதுவதுதான். பட்டாவுக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, ரேஷன் கார்டுக்கு என்று எழுதிப் பழகிய கை. தொலைக்காட்சிக்கு எழுதுவது முதல் தடவை. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021 ஜூனில் ஒரு திருத்தம் வந்தது. பார்க்கிறவர் யாரானாலும் நிலையத்துக்குப் புகார் அனுப்பலாம். 15 நாளுக்குள் நிலையம் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களே சேர்ந்து வைத்திருக்கும் சுயஒழுங்கு அமைப்புக்குப் போகலாம், அதற்கு மேலே அரசுக் குழு. 1994ஆம் ஆண்டு விதிகளிலேயே தனிமனிதரையோ ஒரு சமூகப் பிரிவையோ அவதூறு செய்யக் கூடாது என்றிருக்கிறது. இதையெல்லாம் எடுத்துக்காட்டி மூன்று கேள்வி கேட்டிருந்தேன். ஒருவர் செய்ததாகச் சொல்லப்படுவது எப்படிப் பன்மையானது? வழக்குப் பதிவான அன்றே ‘அட்டகாசம்’ என்று தீர்ப்பெழுதியது யார்? சாமி கும்பிட்டு ஆடியவரின் முகத்தைத் திருட்டுச் செய்தியில் ஒட்டியது எப்படி?

14ஆம் நாள் பதில் வந்தது. ஒரு நாள் மிச்சம் வைத்திருந்தார்கள். செய்தி காவல்துறை தந்த தகவலின் பேரில் ஒளிபரப்பானதாம். யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லையாம். அடுத்து வந்ததுதான் விசேஷம். எங்கள் நிலையம் ‘திருநங்கை’ என்னும் மரியாதையான சொல்லையே எப்போதும் பயன்படுத்துகிறது என்றும் இதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லை.

இந்தப் பெருமையைப் பற்றித்தான் பேச வேண்டும். சொல்லை மாற்றிவிட்டோம், இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு என்கிறது அந்தக் கடிதம். நமக்கு இது புதுசு இல்லை. ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற பெயர்களை எடுத்துவிட்டு ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத 1922ல் சென்னை அரசு ஆணை போட்டது. எம்.சி. ராஜா போன்றவர்கள் போராடி வாங்கியது, சின்ன விஷயமில்லை. ஆனால் புதுப்பெயர் வந்த பிறகும் “ஆதிதிராவிடர் காலனியில் மோதல்” என்கிற வாக்கியம் பழைய வாடையோடுதான் வந்துகொண்டிருந்தது. இவர்களுக்கும் அதுவே நடந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு இந்தியாவிலேயே முதலாவதாக அரவாணிகள் நல வாரியம் அமைத்தது. ‘அலி’ போய் ‘அரவாணி’ வந்தது. ‘அரவாணி’ போய்த் ‘திருநங்கை’ வந்தது. 2014 ஏப்ரல் 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, தன் பாலினம் எது என்று தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில், என்னென்ன சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்று அரசிதழில் சொற்பட்டியலே வெளியானது. எல்லாம் சரி. அரசு சொல்லைத்தான் கொடுக்க முடியும். வாக்கியத்தைச் செய்தி ஆசிரியர்தானே எழுதுகிறார்? “அலிகள் அட்டகாசம்” என்று எழுதிய அதே கை ‘அலி’யை அடித்துத் ‘திருநங்கை’ போட்டது. ‘அட்டகாசம்’ அப்படியே குந்திக்கொண்டிருக்கிறது.

வாக்கியம் என்றதும் இலக்கணம் ஞாபகத்துக்கு வருகிறது, படித்த தோஷம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அதே சூத்திரத்தில்தான் தெய்வப் பெயரும் வருகிறது. இரண்டுக்கும் தனியான விகுதி கிடையாது, இரண்டும் உயர்திணையில் நின்று உயர்திணை முடிபு கொள்ளும் என்று விதி. இன்னொரு சூத்திரம் இப்பெயர் ஆண்பால் சொல்லோடு முடியாது என்றே அடைத்துச் சொல்கிறது. ஆயிரத்தெட்டு விருது வாங்கிய செய்தி நிலையங்கள் ‘இவரது இயற்பெயர்’ என்று சொல்லி அப்பா வைத்த ஆண் பெயரைத் தோண்டி எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சூத்திரம் நினைவுக்கு வரும். பின்னால் வந்த நன்னூல் அவர்கள் எந்தப் பாலை விரும்புகிறார்களோ அந்தப் பால் என்று சொல்லிவிட்டு, அஃறிணை போலவும் வரும் என்று ஒரு சந்து திறந்து வைத்தது. பேருந்தில் ‘இதுங்க ஏறுச்சுன்னா...’ என்று முனகுகிறவர் பவணந்தியைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறார்.

இதைச் சொன்னதால் பழந்தமிழர் பெருமை பேசுகிறேன் என்று யாரும் கைதட்ட வேண்டாம். அதே தொல்காப்பியம்தான் கேட்கிற சொல்லுக்கும் தராதரம் வைத்தது. இழிந்தவன் ‘ஈ’ என்று கேட்க வேண்டும், ஒத்தவன் ‘தா’ என்று கேட்கலாம், உயர்ந்தவன் ‘கொடு’ என்று கேட்பான். கேட்கிற பொருள் ஒன்றுதான், கேட்கிறவன் யாரென்பதை வைத்து வினைச்சொல் மாறும். இந்த விதியை இன்றைக்கு அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறவர்கள் செய்தியாளர்கள். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரே பெட்டிக்கடையில் மூன்று பேர் காசு கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். கட்சிக்காரர் வந்தால் ‘மாநாட்டு நிதி திரட்டினார்’. கோயில் கமிட்டி வந்தால் ‘நன்கொடை பெறப்பட்டது’. திருநங்கை வந்தால் ‘பணம் பறிப்பு’. முதல் இரண்டுக்கும் மாட்டேன் என்று சொல்கிற தைரியம் அந்தக் கடைக்காரருக்குக் கிடையாது. மூன்றாவது ஆளிடம் ‘நாளைக்கு வா’ என்று சொல்லி அனுப்புவார். எது பறிப்பு?

இனி எழுவாய்க்கு வருகிறேன். நம்முடைய செய்தித் தமிழுக்கு அடையாளத்தை மறைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே தெரியும். ஊர்க்காரர்கள் சேரிக்குள் புகுந்து அடித்தால் ‘இரு தரப்பினர் மோதல்’. இதில் அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்று தெரிகிறதா? இரண்டு பேரும் சமம். வாழ்க்கையில் கிடைக்காத சமத்துவம் நமக்கு அந்த ஒரு வாக்கியத்தில் கிடைக்கும். மகளைக் கொன்றவனுக்குக் ‘கௌரவக் கொலை’ என்று கௌரவத்தையே எடுத்துக் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது அதைச் செய்தவர்களுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘மர்ம நபர்கள்’. மர்ம நபருக்குச் சாதி கிடையாது, ஊர் கிடையாது, பால் கிடையாது. கிட்டத்தட்ட பிரம்மம் மாதிரி. இரண்டு வருசம் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி குற்றப்பத்திரிகையில் பாதிக்கப்பட்ட அதே மக்களில் மூன்று இளைஞர்களின் பெயர் வந்தது. குற்றப்பத்திரிகை தீர்ப்பில்லை. ஆனாலும் ‘அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள்’ என்பது அன்றைக்கே செய்தியின் நெற்றியில் ஏறியது. மர்மம் விலகிய அந்த நிமிசத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது.

அதாவது, அடையாளத்தை எப்போது மறைக்க வேண்டும், எப்போது எழுவாயாக்க வேண்டும் என்கிற விதி அவர்களிடம் இருக்கிறது. எழுதாத விதி. ஆதிக்க சாதி ஆண் வெட்டினால் ‘வாலிபர்’ வெட்டினார். வட்டிக்காரர் மிரட்டினால் ‘நிதி நிறுவன அதிபர்’. “ஆண்கள் அட்டகாசம்” என்று ஒரு நாளாவது பட்டை ஓடியிருக்கிறதா? அன்றாடம் வருகிற கொலை, கொள்ளை, பாலியல் வன்முறைச் செய்திகளில் பெரும்பாலானவற்றைச் செய்கிறவர்கள் ஆண்கள்தானே? ஓடாது. ஏனென்றால் ஆண் என்பது இங்கே அடையாளம் இல்லை, அது ‘மனிதன்’. குற்றம் அவனுடைய தனிப்பட்ட விவகாரம். விளிம்பில் இருப்பவருக்குத் தனிப்பட்ட விவகாரம் என்று எதுவுமே கிடையாது. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பையனுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. “காலனிப் பசங்க பைய எல்லாம் மேசை மேல கொட்டுங்க” என்றார் வாத்தியார். ஐந்து பேர் கொட்டினோம். என் பையிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த கம்பங்களி உருண்டை உருண்டு ஓடியது. பெட்டி அந்தப் பையனின் வீட்டிலேயே இருந்தது என்று மறுநாள் தெரிந்தது. யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் எட்டு நொடியைப் பார்த்தபோது எனக்கு அந்த உருண்டைதான் கண்ணில் ஓடியது.

இந்தப் பன்மைக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1871ஆம் வருசத்துக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை நம் தோழர்கள் அறிவார்கள். அதில் இரண்டாம் பகுதி ஒன்று இருந்ததைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அது வடஇந்தியாவின் சில மாகாணங்களில் ‘அலிகளை’ப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவான ஒருவர் பெண் உடையில் தெருவில் நடந்தாலோ ஆடினாலோ வாரண்டு இல்லாமல் பிடித்து இரண்டு வருசம் வரை உள்ளே போடலாம். ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்று எழுதிய அதே தாளின் மறுபக்கம் அது. ஐதராபாத் நிஜாம் அரசும் 1919ல் அதே மாதிரிச் சட்டம் போட்டது. அது செல்லாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது 2023 ஜூலையில். நடுவில் 2018 மே மாதம் அதே ஐதராபாத்தில், பிள்ளை பிடிக்கிறவர் என்று வதந்தி கிளப்பி ஒரு திருநங்கையைக் கும்பல் அடித்தே கொன்றது. ‘திருநங்கைகள்’ என்று பன்மையில் பழகிய கண்ணுக்கு யாராக இருந்தால் என்ன?

காவல்துறை தந்த தகவல் என்கிறார்களே, அதற்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சென்னையில் ஒரு அரவாணி திருட்டுச் சந்தேகத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே பாலியல் கொடுமைக்கு ஆளாகி, தீக்குளித்துச் செத்தார். 2007ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய சகோதரிக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காவல் நிலையக் குறிப்பை அப்படியே வாங்கி வாசித்திருந்தால் அவர் இன்றைக்கும் ‘திருடிய அரவாணி’தான்.

எதிர்க்கேள்வி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் தோழர்களிலேயே இருக்கிறார்கள். செல்போனைப் பறிகொடுத்தவன் கூலிக்காரன்தானே, அவன் பக்கம் யார் பேசுவது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பயணிக்கு அவருடைய போன் திரும்பக் கிடைக்க வேண்டும். எடுத்தவர் யாரானாலும் வழக்கைச் சந்திக்க வேண்டும். மிரட்டிக் காசு வாங்குகிறவர்கள் அவர்களுக்குள்ளும் உண்டு. அக்காவே அப்படிப்பட்டவர்களை என்னிடம் திட்டியிருக்கிறார். குற்றத்தை மறையுங்கள் என்று நான் எழுதவில்லை. ‘ஒருவர் கைது’ என்று போடுங்கள். மற்ற எல்லாருக்கும் அப்படித்தானே போடுகிறீர்கள்? அவர் திருநங்கை என்பது வழக்குக்குத் தேவைப்படுகிற இடம் வந்தால், ஆண்கள் சிறையில் அடைத்தார்கள், பெண் காவலர் இல்லாமல் சோதித்தார்கள் என்பது போல, அங்கே சொல்லுங்கள். அந்த இடங்களில்தான் இவர்கள் வாய் திறப்பதில்லை.

இங்கிலாந்தில் இதற்குத் தலைகீழாகப் புகார் கொடுக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். 2024ல் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரை ஊடகங்கள் ‘பெண்’ என்று எழுதியதற்கு அங்கே எதிர்ப்புக் கிளம்பியது உண்மைதான். அவர்கள் மொழியில் ‘அவன்’, ‘அவள்’ இல்லாமல் ஒரு பத்தி தாண்டுவது கஷ்டம். தமிழில் ‘அவர்’ என்று ஒன்று இருக்கிறது. எட்டுக் கொலை செய்தவனையும் நம் செய்தி வாசிப்பாளர் ‘அவர்’ என்றுதான் சொல்கிறார். பிரதிப்பெயர்ச் சண்டையை இறக்குமதி செய்ய வேண்டிய தேவை நமக்கில்லை. நம் சண்டை ‘கள்’ விகுதியோடு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அது யோக்கியம் இல்லை. வீட்டுக்காரம்மா விரட்டியதும் அக்கா போயிருக்க வேண்டிய இடம் அவர் பிறந்த சேரி. எங்கள் சேரிக்கு அடுத்த சேரிதான். போகவில்லை. “அங்க போனா எங்கண்ணன் முடிய வெட்டிட்டுத்தான் சோறு போடுவான் தம்பி” என்றார். தொலைக்காட்சியைக் கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றையாவது நான் என் தெருவில் கேட்டிருக்கிறேனா? லிவிங் ஸ்மைல் வித்யா, கிரேஸ் பானு இருவரும் தலித்தாகவும் திருநங்கையாகவும் ஒரே உடம்பில் இரண்டு அடி வாங்குவதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். வித்யாவின் தன்வரலாறு வந்தது 2007ல். நம் கூட்டங்களில் அதை எத்தனை தடவை விவாதித்தோம் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம்.

செய்தியில் இவர்களுக்கு மூன்றே வீடுதான் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ‘முதல் திருநங்கை’: முதல் காவல் உதவி ஆய்வாளர், முதல் பொறியியல் மாணவி. இரண்டு, கூவாகம் ‘கோலாகலம்’. மூன்று, ‘அட்டகாசம்’. நடுவில் இட்லி சுட்டு விற்று, வாடகை கொடுத்து, சீட்டுப் பணம் கட்டுகிற ஒரு பொம்பளைக்கு எட்டு நொடி கிடையாது. 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையில் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். அதுவும் ‘முதல்’ என்றுதான் செய்தியானது. அவர் செய்தி வாசித்த விசயம் எல்லாருக்கும் தெரியும். செய்தி எழுதுகிற மேசையில், பட்டைக்கு வாசகம் போடுகிற இடத்தில் ஒரு திருநங்கை உட்கார்ந்திருந்தால் அந்த ‘கள்’ வந்திருக்காது.

மாற்றவே முடியாது என்றும் நான் நினைக்கவில்லை. ‘கௌரவக் கொலை’ என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான் இன்றைக்கு ‘ஆணவக் கொலை’ என்று எழுதுகிறார்கள். தானாக எழுதவில்லை. ஒவ்வொரு பிணத்துக்கும் பின்னால் நின்று, மேடையிலும் சுவரொட்டியிலும் சொல்லிச் சொல்லி, எழுத வைத்தோம். அதனால்தான் இரண்டாவது கடிதம் போட்டேன். இந்தத் தடவை சட்டம் கிட்டம் ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு கோரிக்கை: அந்த எட்டு நொடியை உங்கள் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அதற்குள் சித்திரை வந்தது. அக்கா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் குடியேறியிருந்தார், பழைய வாடகையைவிட ஐந்நூறு ரூபாய் கூட. ஒருநாள் ராத்திரி போன் பண்ணினார்.

“தம்பி, டிவி பாத்தியா? இந்த வாட்டி நல்ல நியூஸ்ல போட்டுருக்கான்.”

போட்டுப் பார்த்தேன். அதே மல்லிகைப்பூ, அதே கைதட்டல், அதே சிரிப்பு, அதே எட்டு நொடி. பட்டையில் “கூவாகம் திருவிழா கோலாகலம்!” என்று ஓடியது. ‘கோப்புக் காட்சி’ என்ற எழுத்தைக்கூட இந்தத் தடவை காணோம்.

இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. 15 நாள் என்று விதி சொல்கிறது. இன்றைக்கு 42ஆவது நாள். மேல்முறையீட்டை எழுதி வைத்திருக்கிறேன். அக்காவின் கையெழுத்தும் வேண்டும். கடை முடிந்து சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.